ஏழு லாரிக்கு வாரிசு

ஜூன் 12, வியாழன்

பைக் ஆர்.சி. புத்தகமும் என் பெயருக்கு வந்துவிட்டது. கேஸ் கனெக்‌ஷன் போன மார்கழியில். ரேஷன் கார்டு அதற்கு முன்பே. கரண்ட் மீட்டருக்குத்தான் நடையாய் நடக்கவிட்டார்கள். வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இந்த வீட்டில் அரவிந்தன் என்ற பெயரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஜெயசித்ரா என்று போட்டுவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அமிர்தலிங்கம் சாரின் இ-சேவை மையத்தில் நான் தினமும் பார்க்கும் வேலையே இதுதானே. செத்தவர் பெயரை எடுப்பது, இருப்பவர் பெயரைப் போடுவது.

பாக்கி ஒன்றே ஒன்று. விளையாட்டுக் கணக்கு.

ஆன்லைன் கடையில் வாங்கும் கேம் கைக்கு வரும் பொருள் இல்லை. கணக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சொந்தம். நம்முடையது அவர் பெயரில், அவர் சிம்மில், அவர் பேங்க் கார்டில். அவருக்கு ஒரு மணி நேரம்கூட அதில் பொறுமை இருந்ததில்லை. அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், ஒரு நாள் ஆசைப்பட்டு ஒரு லாரி கேமையும் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்டியரிங்கையும் வாங்கினார். "பகல் பூரா ஓட்டிட்டு வூட்டுலயும் ஓட்டணுமா?" என்று ஸ்டியரிங்கை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அன்று பிடித்த ஸ்டியரிங். ஐந்து வருஷமாக ஓட்டியது நான். ஒரு ஓட்டை வண்டியில் ஆரம்பித்து ஏழு லாரியோடு கம்பெனி வைத்திருப்பதும் நான். பெயர் மட்டும் "அரவிந்தன் 46". பெரம்பலூர் வண்டிக்கு நம்பர் 46-இல்தானே ஆரம்பிக்கும்.

ஓ.டி.பி. வருவதற்காகவே அவருடைய சிம்மை இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். இதையும் முறைப்படி மாற்றிவிட வேண்டியதுதான்.

ஜூன் 14, சனி

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், என் ஆதார், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் அடித்து, அந்தக் கடையின் உதவிப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அமிர்தலிங்கம் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். "வாரிசு ரெண்டு பேருல்ல இருக்கு? மாமியாகிட்ட ஆட்சேபனை இல்லைன்னு ஒரு கையெழுத்து வாங்கிடும்மா. இல்லாட்டி திருப்பி அனுப்பிருவான்" என்றார். சரிதானே. ஊரில் எல்லோருக்கும் நான் சொல்வதும் அதுதானே.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது அத்தையிடம் தாளை நீட்டினேன்.

"எதுக்கு இது?"

"லாரிங்க அவரு பேருல இருக்குத்த. எம்பேருக்கு மாத்தணும்."

பேனாவை வாங்கினார். பொன்னம்மாள் என்று நிறுத்தி நிதானமாக எழுதிவிட்டு, "நல்லா இரு" என்றார். கண் கலங்கியிருந்தது. இதற்கு எதற்குக் கலங்குகிறார் என்று புரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு சாயங்காலம் கான்வாய், கேமில் எல்லோரும் வரிசையாகச் சேர்ந்து ஓட்டுவது. எட்டு வண்டி. ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சத்யாதான் ஆட்களைக் கூட்டுவான். மற்றவர்கள் ஆத்தூர், துறையூர், ஒருவர் குவைத்தில். அவர்கள் எல்லோரும் மைக்கில் பேசுவார்கள். நான் மட்டும் டைப் அடிப்பேன். மைக் ரிப்பேர் என்று என்றைக்கோ சொன்னது, இன்றுவரை ரிப்பேராகவே இருக்கிறது.

மலை ஏற்றத்தில் இழுக்கத் திணறும் லோடு வண்டிதான் முன்னால் போக வேண்டும், காலி வண்டி பின்னால் வர வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவர் சொல்லிக் கேட்டது. காலி வண்டி முன்னால் பறந்துவிட்டால் லோடு வண்டி தனியாக நின்று சாகும் என்பார். எட்டுப் பேரும் இன்றுவரை அதை மீறியதில்லை. "அரவிந்த் அண்ணே சொன்னா சொன்னதுதான்" என்பான் சத்யா.

அவர் போன சமயம் ஒரு மாதம் அங்கே போகவில்லை. திரும்பிப் போனபோது, ஆளையே காணோமே அண்ணே என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு துக்கம் என்று அடித்தேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? உண்மையை எழுதிவிடுகிறேன். ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் என் நெற்றியைப் பார்க்கிறார்கள், அப்புறம் கழுத்தை, அப்புறம்தான் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். கான்வாயில் ரிவர்ஸ் ஒழுங்காக எடுக்கிறேனா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். அங்கே நான் யாருடைய விதவையும் இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 18, புதன்

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிஷம் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருடைய அண்ணன் வீரமணி மாமா எறையூரிலிருந்து வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏழு லாரி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கெழவிகிட்ட கையெழுத்தும் வாங்கிட்ட. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அத்தை உண்மையிலேயே லாரி என்று நினைத்துக்கொண்டுவிட்டார்! நான் ஓட்டுவதை அவர் சமையல்கட்டிலிருந்து பார்த்திருக்கிறார், ஆனால் அதை ஏதோ டி.வி. நிகழ்ச்சி என்றே நினைத்திருக்கிறார். மகன் சொல்லாமல் கொள்ளாமல் ஏழு லாரி வாங்கிப் போட்டிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லி, அது எறையூர் வரை போய், மாமா பங்கு கேட்க வந்துவிட்டார்.

கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினேன். "இந்தாங்க மாமா, ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. எது வேணும்?"

முகம் செத்துப்போனது. பங்கு இல்லை என்றான ஏமாற்றம் உடனே புத்திமதியாக மாறிவிட்டது. "புருசன் செத்து வருசம் திரும்பல. பொம்மை லாரி ஓட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க. ஊரு என்ன பேசும்? இந்தப் பொட்டிய எடுத்து எம்பையனுக்குக் குடு, படிக்கிற புள்ளைக்காச்சும் ஆவும்."

"இது நான் சம்பாதிச்சு வாங்குனது மாமா. ஏழு லாரி வேணும்னா எடுத்துட்டுப் போங்க. பொட்டி இங்கதான் இருக்கும்."

என் வாயிலிருந்தா வந்தது? என் வாயிலிருந்துதான்.

அத்தை மட்டும் கதவோரம் நின்று, "அப்ப நெசமாவே லாரி இல்லியா?" என்று இரண்டு முறை கேட்டார். அதுதான் மனசை என்னவோ செய்தது.

ஜூன் 20, வெள்ளி

பதில் வந்துவிட்டது. ஆழ்ந்த அனுதாபங்களாம். கணக்கு என்பது அதைத் திறந்த தனி ஆளுக்கு மட்டும் உரியதாம். விற்கவும் முடியாது, வாரிசுக்கு மாற்றவும் முடியாது. கணக்குக்காரர் காலமான செய்தி கிடைத்ததால் கணக்கு பூட்டப்படுகிறது. தகவல் தவறு என்றால் கணக்குக்காரரே முப்பது நாளுக்குள் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்யலாம்.

பூட்டிவிட்டார்கள். ஏழு லாரி, வாங்கிய மேப், ஓட்டிய ரோடு, அந்தப் பெயர், எல்லாம்.

நானே சொன்னேன். நானே சான்றிதழை இணைத்தேன். சும்மா இருந்திருந்தால் ஆயுசுக்கும் ஓட்டியிருக்கலாம். ஊரில் ஒரு ஆள் உண்மையைச் சொல்லி மாட்டியது உண்டா? நான் மாட்டினேன். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் காட்டினால் நிலமே கைமாறுகிறது, இவனுக்கு ஒரு கேம் மாறாதா? காசு கொடுத்துத்தானே வாங்கினோம், வாடகைக்கா எடுத்தோம்? போங்கடா.

ஜூன் 22, ஞாயிறு

கான்வாய் நேரம். கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடக்கிறது. அவர் போனில் சத்யா நாலு மெசேஜ் போட்டுவிட்டான். "அண்ணே எங்க இருக்கீங்க", "அண்ணே நீங்க இல்லாம ஏத்தம் ஏற மாட்டோம்". பதில் போடவில்லை.

வேறு எதற்கும் அழாத அழுகை இன்று இதற்கு வந்தது. விளையாட்டுக்கா அழுகிறாய் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். ஆமாம், விளையாட்டுக்குத்தான் அழுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

அமிர்தலிங்கம் சாருக்கு என்னைவிட வருத்தம். நோட்டரி கையெழுத்து இல்லாததால்தான் தள்ளிவிட்டார்கள் என்று இன்னும் நம்புகிறார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

"ஏம்மா, ஓ.டி.பி. ஒங்கையிலதான வருது? நான்தான் அரவிந்தன், உசுரோடதான் இருக்கேன், யாரோ தப்பா எழுதிட்டாங்கன்னு ஒரு மெயில் தட்டு. அவன் என்ன பெரம்பலூருக்கு வந்து பாக்கவா போறான்?"

சரிதான். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

ஜூன் 26, வியாழன்

அடித்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. நான் அரவிந்தன். நான் உயிருடன் இருக்கிறேன்.

படித்துப் பார்த்தேன்.

அழித்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

ஏன் அழித்தேன் என்று நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுத என் கை வரவில்லை. அது ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான். ஒரு கேமுக்காக அவரை எழுப்பி உட்காரவைக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் பெரிசு. நான் அரவிந்தன் என்று ஏன் எழுத வேண்டும்? வளைவுகளில் லாரியைத் திருப்பியது நான். கவிழ்த்ததும் நான், நிமிர்த்தியதும் நான். அவரும் அதை யாரிடமும் மறைத்ததில்லை, "எம்பொண்டாட்டி என்னைவிட நல்லா ஓட்டுவா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பாராம். மறைத்தது நான்தான். அவர் இருந்தவரை அவர் பெயரில் ஒளிந்துகொண்டேன், போன பிறகும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். போதும்.

அந்தக் கடைக்கு வேறு ஒரு மெயில் போட்டேன். "அரவிந்தன் இறந்தது உண்மை. அவர் உங்கள் விளையாட்டை ஒரு மணி நேரம்கூட ஆடியதில்லை என்பதும் உண்மை. உங்கள் கணக்கில் தெரியும் அத்தனை மணி நேரமும் என்னுடையவை. நீங்கள் பூட்டியது உயிரோடு இருக்கும் ஒருத்தியின் கணக்கை. இப்படிக்கு, ஜெயசித்ரா."

பழைய பதிலையே திருப்பி அனுப்பினார்கள். அனுப்பட்டும். எழுதவேண்டியதை எழுதிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

கான்வாய் கிளம்புவதற்கு முன்பு சத்யாவுக்குப் போன் போட்டேன். மெசேஜ் இல்லை, போன்.

"அண்ணே!" என்றான்.

"அண்ணன் இல்லப்பா. நான் அவரு சம்சாரம் பேசுறேன். அவரு போன ஆடியில தவறிட்டாரு."

பின்னால் ஜெயங்கொண்டம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"போன ஆடியா? ஏங்க, போன வாரத்துக்கு முந்தின வாரம்கூட எங்ககூட ஓட்டுனாரே..."

"அது நான். எப்பவுமே நான்தான்."

"எப்பவுமேன்னா?"

"மொதல்லேர்ந்து."

திட்டப்போகிறான் என்று நினைத்தேன். ஐந்து வருஷம் ஏமாற்றியிருக்கிறேனே, திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"அந்தப் பனிமலைப் பாலத்துல, ட்ரெய்லரோட ரிவர்ஸ்லயே வந்து என்னையக் காப்பாத்துனது?"

"நான்தான்."

"எப்படிங்க அது? நான் இன்னிக்கு வரைக்கும் போட்டுப் பாக்குறேன், வரலியே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் செத்ததை அழாமல் ஒருவரிடம் சொல்லி முடித்தது இதுதான் முதல் தடவை. கணக்கு பூட்டிய கதையையும் சொன்னேன். லாரிக்குப் பங்கு கேட்டு மாமா வந்த கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். வைக்கும்போது, "அண்ணனுக்காக ரொம்ப வருத்தமா இருக்குக்கா" என்றான். அக்கா என்று எப்போது மாறினான் என்று கவனிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

சத்யா குழுவில் சொல்லிவிட்டான். துறையூர்க்காரர் விலகிவிட்டார். ஒரு பொம்பளை இத்தனை நாள் ஆம்பளை மாதிரி நடித்திருக்கிறாள், இதெல்லாம் குடும்பத்துக்கு ஆகுமா என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று தடவை பள்ளத்திலிருந்து கயிறு கட்டி அவரை இழுத்துவிட்டவள் இந்தப் பொம்பளைதான். நன்றாக இருக்கட்டும், இனி பள்ளத்தில் விழாமல் ஓட்டட்டும்.

மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. குவைத்காரர் மட்டும் ஒரு கேள்வி அனுப்பினார்: அப்ப மைக் ரிப்பேர் இல்லியா?

ஜூலை 6, ஞாயிறு

அந்தக் கடையில் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஜவுளிக்கடைகள் ஆடிக்குப் போடுகிற மாதிரி, அங்கே இப்போது சீசன். அந்தக் கடைப்பக்கமே போகக் கூடாது என்று ஒரு வாரம் வீம்பாக இருந்தேன். அப்புறம் யோசித்தேன். வீம்பு யாருக்கு நஷ்டம்? அவன் கடை நடக்கும். ரோடு எனக்குத்தான் இல்லாமல் போகும்.

புதிய கணக்கு. என் மெயில், என் சிம், என் கார்டு. ஓ.டி.பி. என் போனில் வந்தது. கேமில் காட்டும் பெயர் என்ன என்று கேட்ட இடத்தில் தமிழிலேயே அடித்தேன்: ஜெயசித்ரா 46.

அதே கேமை மறுபடியும் வாங்கினேன். ஒரே பொருளுக்கு இரண்டாவது தடவை காசு. எரிச்சலோடுதான் அழுத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். திறந்தால் லாரி இல்லை, கம்பெனி இல்லை, லைசென்ஸ்கூட இல்லை. வாடகைக்கு ஒரு மினி லாரி. மலை ரோடு திறக்க வேண்டுமானால் காய்கறி லோடு அடித்து அடித்து மேலே வரவேண்டும்.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லாரி பொய் என்று தெரிந்ததிலிருந்து கம்ப்யூட்டர் பக்கம் வராதவர்.

"ஏழும் போச்சா?"

"போச்சுத்த."

"இது ஒண்ணுதானா?"

"இதுவும் வாடகை."

திரைக்குக் கிட்டே குனிந்தார். "அவனும் மொதல்ல மினி லாரிதான் ஓட்டுனான். ஜெயங்கொண்டத்துக்கு முந்திரிக்கொட்ட லோடு." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் எழுந்து போகவில்லை.

ஜூலை 19, சனி

வேலை முடிந்து வந்ததும் ஒரு லோடு, டீ குடித்துவிட்டு இன்னொரு லோடு. ஏர் பிரேக் இல்லாத வண்டி, மிதித்தால் நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு முறை கவிழ்த்தேன். ஏழு லாரி முதலாளியம்மா தக்காளியைக் கொட்டிவிட்டு நிற்கிறேன். அத்தை, "பாத்துடி, தக்காளி விக்கிற வெலைக்கு" என்கிறார். இப்போது அவருக்கு எது பொய் லாரி என்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் திட்டுகிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவருக்கு வருஷ தெவசம். சொந்தக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள். அவருக்குப் பிடித்த மொச்சைக்குழம்பை நானே வைத்தேன். படத்துக்கு முன்னால் நின்றபோது, கேஸ், மீட்டர், பைக் எல்லாவற்றிலும் உன் பெயரை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்தால் இத்தனை வருஷம் ஸ்டியரிங்கை என்னிடம் விட்டிருப்பாரா?

இலையை மூடும்போதே வீரமணி மாமா மறுபடியும் ஆரம்பித்தார். ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம். "வருசம் முடிஞ்சிருச்சு. இனியாவது அந்தப் பொட்டியக் குடு. தாலியறுத்த பொம்பள வெளையாடுற வெளையாட்டா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார். "அவ ஓட்டுறா. ஒனக்கென்னடா? எம்புள்ள கத்துக்குடுத்தது. நான்தான் ஆட்சேபனை இல்லைன்னு கையெழுத்தே போட்டிருக்கேன்ல?"

பந்தியே சிரித்துவிட்டது. மாமா கை கழுவப் போனவர் அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தத் தாளை எந்தக் கடைக்காரனும் மதிக்கவில்லை. அதற்கு இன்றைக்குத்தான் வேலை வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

மலை ரோடு திறந்துவிட்டது. சத்யாவிடம் சொன்னேன். நாளைக்கு வாங்கக்கா என்றான்.

அவருடைய சிம்முக்கு இந்த மாதம் ரீசார்ஜ் போடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அடிவாரத்து பங்க்கில் ஏழு வண்டியும் நின்றன. எல்லாம் பெரிய ட்ரெய்லர்கள். நடுவில் என் மினி லாரி, மூட்டை ஏற்றி முக்கிக்கொண்டு. துறையூர்க்காரர் போன இடத்தில் அரியலூரிலிருந்து புதிதாக யாரோ ஒருவர்.

மைக்கைப் போட்டேன். "வணக்கம். நான் ஜெயசித்ரா. பெரம்பலூரு."

எல்லோரும் ஒரே நேரத்தில் வணக்கம்க்கா என்றதில் காது அடைத்துவிட்டது. நான் கடைசியில் வருகிறேன், என் வண்டி இழுக்காது, உங்களுக்கெல்லாம் லேட் ஆகும் என்றேன்.

"கடைசியிலயா?" என்றான் சத்யா. "ஏத்தத்துல இழுக்காத வண்டிதான் முன்னால. நீங்க போட்ட சட்டம்தானேக்கா? வண்டிய எடுங்க."

எடுத்தேன். பத்து கிலோமீட்டர் வேகம்கூட வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அவ்வளவு பெரிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒருவரும் முந்தாமல், என் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. வளைவு வந்தது. வண்டி திணறியது, ஏறியது.

"வளைவுல ஹாரன் அடிடி, எதிர்ல யாராச்சும் வரப்போறான்" என்றார் அத்தை, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

மைக் திறந்திருந்தது. எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நான் அடிப்பதற்கு முன்பே பின்னால் வந்த ஏழு வண்டியும் அடித்தன. பிறகு நானும் அடித்தேன்.